பழைய கடிதத் தொகுப்புகளில் உங்கள் மனதைவிட்டு நீங்காத கடிதம் எது?

வைகைக்கரை:
பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சின் செவின்யே சீமாட்டி மகளுக்கு எழுதியவற்றை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். அதனால் நேராக வாத்தேலுக்கு வருகிறேன். 1671 ஏப்ரல், ஷான்தியி மாளிகையில் மன்னர் பதினான்காம் லூயிக்கு விருந்து. முதல் நாள் இரவு சில பந்திகளுக்குச் சுட்ட இறைச்சி போதவில்லை, வாணவேடிக்கையும் சோபிக்கவில்லை. விருந்துப் பொறுப்பாளர் வாத்தேல் விடியற்காலை நான்கு மணிக்கு மீனுக்காக அலைகிறார். ஒருவன் இரண்டே சுமையோடு வருகிறான். "இவ்வளவுதானா?" "ஆமாம் ஐயா." துறைமுகங்களுக்கெல்லாம் ஆள் போயிருப்பது அவனுக்குத் தெரியாது. வாத்தேல் தன் அறைக்குப் போய் வாளைக் கதவில் ஊன்றிப் பாய்கிறார். மூன்றாவது குத்தில்தான் உயிர் போகிறது. அதற்குள் நாலாபுறமிருந்தும் மீன் வந்து இறங்க, பங்கிட்டுக் கொடுக்க அவரைத் தேடுகிறார்கள்!

என் தந்தை கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். மூன்றாம் பந்தியில் சோறு குறையும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த "இவ்வளவுதானா" என்னை இன்னும் விடவில்லை.

மலைக்கோட்டை வாசகி:
எனக்கு ஆங்கிலச் சீமாட்டி மேரி வோர்ட்லி மான்டேகு 1717 ஏப்ரல் 1 அன்று துருக்கியிலிருந்து சேரா சிஸ்வெல் என்ற தோழிக்கு எழுதியது. "உன்னிடம் ஒன்று சொல்லப்போகிறேன், கேட்டால் நீயும் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவாய்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, பெரியம்மை கடுமையாகத் தாக்காமல் இருக்கக் கிழவிகள் கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவருவதையும், ஊசி நுனியில் அதை எடுத்து ரத்த நாளத்தில் ஏற்றுவதையும் விவரிக்கிறார். தம்பியை அம்மைக்குப் பறிகொடுத்தவர். அவர் முகத்தையும் அம்மை சிதைத்திருந்தது. 1726இல் அந்தத் தோழியே அம்மையில் இறந்துபோனார். அது தெரிந்த பிறகு அந்த ஏக்க வரியைத் தாண்டவே எனக்கு மனம் வரவில்லை.

பழஞ்சுவடி:
அம்மா, அந்தக் கடிதம் அப்படியே தபாலில் போனது என்று எண்ண வேண்டாம். கணவர் துருக்கியில் தூதராக இருந்த காலத்துக் கடிதங்களை மேரி பின்னர் திருத்தித் தொகுத்து வைத்தார். அவர் இறந்த பிறகு, 1763இல்தான் அச்சாயின. பழைய ரோமின் எழுத்தாளர் இளைய பிளினியும் இப்படித்தான். வெசுவியஸ் எரிமலை வெடித்ததை வரலாற்றாசிரியர் தாசிட்டஸுக்கு எழுதியது ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து. ஆனாலும் ஓரிடம் என்னை உலுக்குகிறது. மலைமேல் மேகம் எழுகிறது. பார்க்க வருகிறாயா என்று மாமா கேட்கிறார். பதினேழு வயதுப் பையனான பிளினி, எழுத்து வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறான். மாமா திரும்பவில்லை.

மலைக்கோட்டை வாசகி:
திருத்தியிருக்கட்டும் ஐயா. தோழி இறந்ததை யார் திருத்த முடியும்?

கொள்ளிடம்:
ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் ரோமிலிருந்து 1820 நவம்பர் 30 அன்று நண்பர் பிரவுனுக்கு எழுதிய கடைசிக் கடிதம். "கடிதத்தில்கூட உன்னிடம் விடைபெற முடியவில்லை. நான் வணங்குவது எப்போதுமே கோணலாகத்தான் இருக்கும்." அடுத்த பிப்ரவரியில் இறந்தார், வயது 25.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்குச் சில சொல்கிறேன். 'சிறந்த கடிதங்கள்' என்று பொறுக்கி எடுத்த தொகுப்பை வாங்காதீர்கள். தேதி வரிசையில் முழுமையாகப் படியுங்கள். பணக்கணக்கு வரும் பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள். ஓவியர் வான்கோ தம்பி தியோவுக்கு எழுதியவற்றில் பணம் வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லும் வரிகள் வந்துகொண்டே இருக்கும். கேன்வாஸ், சாயம், வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான். அந்த வரிகளை விட்டுவிட்டுச் சூரியகாந்தியைப் பற்றி மட்டும் படிப்பவருக்கு அந்த மனிதர் பிடிபடமாட்டார். அவருடைய கடிதங்கள் முழுவதும் அடிக்குறிப்புகளோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், இரவில் இரண்டு மூன்று போதும். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்; முதலிலேயே படித்தால் எழுதியவருக்குத் தெரியாத முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
முன்னுரை விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை நண்பரே. செவின்யேயின் மகள் எழுதிய பதில்களைப் பேத்தியே அழித்துவிட்டார். அது தெரியாமல் படிப்பவர், இத்தனை கடிதத்துக்கும் மகள் ஒரு வரிகூட எழுதவில்லையா என்று அந்தப் பெண்ணையல்லவா கோபித்துக்கொள்வார்?