நகைக்கடை விளம்பரத்தில் வரும் அந்த அப்பாவைச் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா?

கஸ்தூரியார் வீதி நகைக்கடை விளம்பரம், சீமெந்து விளம்பரம், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற விளம்பரம், எதைப் பார்த்தாலும் ஒரே அப்பாதான் நிற்பார். நரைத்த மீசை, வேட்டி, சால்வை. பாசையூர்க்காரர். அவரைக் கேட்காமல் எழுதுவதால் பெயர் போடவில்லை, தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் வீடியோ எடுக்கிறவன். கலியாண வீடு, சாமத்திய வீடு, இடையிடையே கடை விளம்பரம். ஏன் எல்லாவற்றிலும் இந்த மனிசனையே போடுகிறீர்கள் என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. இருபது வயதில் நடிக்க இங்கே பெடியள் எக்கச்சக்கம், ஆளுக்கொரு யூடியூப் சனல் வைத்திருக்கிறார்கள். ஐம்பது, அறுபது வயதில் கமெராவுக்கு முன்னால் கூச்சப்படாமல் நிற்கக்கூடிய ஒரு ஆம்பிளையைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். அந்த வயதுக்காரரில் நிறையப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், இங்கே இருப்பவர்கள் சனம் என்ன சொல்லும் என்று ஒதுங்கிவிடுவார்கள்.

அவருக்கு அந்தக் கூச்சம் சின்ன வயதிலேயே போய்விட்டது. தகப்பனும் கூத்துக்காரர். பாசையூர் அந்தோனியார் கோயில் பக்கம் அண்ணாவியார் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுக்க, மத்தளத்துக்கு ஏற்றபடி உச்சத்தில் பாடிப் பழகியவர். முதலில் விளம்பரத்துக்கு வந்தபோது அதுவே பிரச்சினையாகிப் போனது. கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று பழகிய முகத்தைக் கமெரா ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்கிறது, புருவம் கொஞ்சம் ஏறினாலே பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். எடுத்த துண்டைப் போட்டுக் காட்டினால் போதும், அடுத்த தடவை தானே குறைத்துக்கொள்வார். இப்போது அவர் குறைக்கிற அளவு எந்தப் பெடியனுக்கும் வராது.

நான் சொல்ல வந்தது ஒரு நகைக்கடை வேலை பற்றி. கதை கொழும்பிலிருந்து எழுதி வந்தது. பெண்ணின் அப்பா கடைக்கு வருகிறார், மகளுக்குத் தாலிக்கொடி தெரிவு செய்கிறார், கண் கலங்குகிறார். இவ்வளவுதான். கிளிசரின்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். மனிசன் தாளை வாசித்துவிட்டு, பிளேன்ரீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு மெதுவாக, "தம்பி, தாலிக்குப் பொன்னுருக்கிறது மாப்பிள்ளை வீட்டிலயெல்லோ? பொம்பிளையின்ர தேப்பன் ஏன் கொடி வாங்க வாறார்?" என்றார்.

கடையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் காசு கொடுக்கிறவர்கள் எழுதி அனுப்பியதை யார் மறுத்துப் பேசுவது? கொழும்புத் தம்பி நல்லவர், உடனே தொலைபேசியில் கதைத்தார், அரை மணித்தியாலம் போனது, கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவாக மாற்றினோம். பொன்னுருக்குகிற நாளில் தாலி செய்கிற பத்தர் முன்னால் உட்கார்ந்து தங்க நாணயத்தைக் கொடுக்கிறார். அழச் சொன்னார்கள், அவர் அழவில்லை. நாணயம் இடது கையில் இருந்தது, கொடுக்கிற நேரம் அதை வேட்டியில் ஒருமுறை துடைத்து வலது கைக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளம்பரத்தில் சனம் பேசியது அந்த ஒன்றைத்தான், கொடியின் டிசைனைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு அவரோடு ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, அன்றைக்கு அந்தக் கடையில் கவுண்டரில் நின்றவள் நான்! எங்களுக்கும் தெரியும்தான், நான் வாயைத் திறக்கப் போக மனேஜர் கண்ணைக் காட்டினார், பேசாமல் நின்றுவிட்டேன். ஷூட்டிங் தொடங்க முதல் அந்த ஐயா என்னிடம் வந்து, 11 பவுண் கொடியைப் பெட்டியோடு எப்படிப் பிடிப்பீர்கள், எந்தக் கையால் திறப்பீர்கள் என்று கேட்டு ஓரமாக நின்று செய்து பார்த்தார், ஒரு வாடிக்கையாளர்கூட எங்களோடு அவ்வளவு மரியாதையாகக் கதைத்ததில்லை. விளம்பரம் போன பிறகு "அந்த அப்பா குடுத்த காசு இருக்கோ?" என்று கேட்டே ஆட்கள் வந்தார்கள். அது வீடியோக்காரர் கொண்டுவந்த பித்தளைக் காசு என்று எப்படிச் சொல்வது.

*

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே என் பிள்ளைகளுக்கு அவர் "காசு அனுப்புற தாத்தா". 2022 இல் கரண்டும் பெற்றோலும் இல்லாமல் சனம் அலைந்த நேரம் ஊருக்கு வந்திருந்தேன், அப்போதுதான் அவரைக் கூத்தில் அரசனாகப் பார்த்தேன். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது, மைக்கும் செத்துவிட்டது. பெடியள் போன் லைட்டைப் பிடிக்க, மனிசன் ஒரு அடிகூடக் குறைக்காமல் பாடி முடித்தார், பின்னால் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்துக்குச் சனம் விடிய விடிய இருந்ததென்று அப்பா சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஒரு கேள்வி. இப்படிப்பட்ட ஆள் ஏன் படத்துக்குப் போகவில்லை? அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி முக்கிய பாத்திரத்தில் நடித்த 'தீபன்' படம் 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியதே.

*

முதல் பதிவு போட்டவன்தான். ஷோபாசக்தி பிரான்சில் இருக்கிறார், எங்கள் ஆள் பாசையூரில் இருக்கிறார், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இங்கே எடுக்கிறவை பெரும்பாலும் குறும்படங்கள். எடுக்கிறவர்களும் கையில் காசில்லாத பெடியள், அதனால் அவர்களிடம் ஓட்டோக் காசோடு நிறுத்திக்கொள்வார். அதை நட்டம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பு எரிவது விளம்பரக் காசில்தான், அதனால் விளம்பரம் எடுக்கிறவர்கள் அவரைச் சும்மா நிற்கிற முகமாகப் பாவிப்பதைப் பார்த்தால் எனக்குக் கொதி வரும். அவரிடம் ஒரு கூத்து மேடையே இருக்கிறது, நீங்கள் சிரித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக் காட்டு என்கிறீர்கள்! எழுதியபடி ஒருமுறை எடுங்கள், அடுத்த முறை அவர் விருப்பத்துக்கு விடுங்கள். நான் வெட்டி ஒட்டும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் நிற்கும்.

இன்பொக்ஸில் அவருடைய நம்பர் கேட்டவர்களுக்கு: கேட்டுவிட்டுத் தருகிறேன். அரைவாசிக் காசை முதலே கொடுங்கள், மிச்சத்தை அன்றைக்கே கொடுங்கள். "விளம்பரம் ஓடின பிறகு தாறம்" என்ற ஒரு இடத்தில் அவருக்கு இன்னும் வரவில்லை, எனக்கும்தான். கதையை முதல் நாளே அனுப்புங்கள், பிழை இருந்தால் அவரே சொல்லுவார். ஜூன் 13 அந்தோனியார் திருநாள், அதை ஒட்டிய நாட்களைக் கேட்கவே வேண்டாம். தவக்காலத்திலும் கஷ்டம். மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின், இயேசுவின் பாடுகளைச் சொல்லுகிற திருப்பாடுகளின் நாடகங்களைப் பார்த்து வளர்ந்த ஆள், எங்கே அந்த நாடகம் போட்டாலும் போய்விடுவார். அதற்கென்று தாடியும் வளர்த்திருப்பார். போன வருடம் ஒரு சவர்க்கார விளம்பரத்துக்குத் தாடியை எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஈஸ்டர் முடிய வாங்கோ என்று அனுப்பிவிட்டார், அவர்களும் முடிய வந்துதான் எடுத்தார்கள்.