மண் சாம்பிள் சுத்தமாக வந்தால் நிலத்தடி நீரும் சுத்தமா?

மேட்டுநிலம்:
பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடம் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். பூமிக்கடியில் மூன்று டேங்குகள் இருந்தன: இரண்டு பெட்ரோல், ஒன்று டீசல். தோண்டி எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. விற்பவர் ஓர் ஆய்வறிக்கை கொடுத்திருக்கிறார். மூன்று இடங்களில் 4 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு மண் எடுத்திருக்கிறார்கள். ஆவியை அளக்கும் பிஐடி மீட்டர் அசையவே இல்லை. லேப் முடிவில், பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீன் "கண்டறியப்படவில்லை". நீர்மட்டம் 7 மீட்டரில் என்று போட்டிருக்கிறது, ஆனால் தண்ணீரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கடைசி வரி: "நிலத்தடி நீர் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை." வீடு கட்டி போர் போடுகிற எண்ணம். நம்பலாமா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக நம்பலாம். பங்க் நிர்வாகத்தில் இருபது வருடம் இருந்தவன் சொல்கிறேன். தினமும் டிப் போட்டு (டேங்கில் அளவுகோலை இறக்கி) இருப்பு பார்ப்போம், விற்ற அளவோடு ஒப்பிடுவோம். டேங்க் ஓட்டையானால் கணக்கு இடிக்கும். போதாததற்குக் கசிவுச் சோதனை வேறு. பெட்ரோல் 7 மீட்டர் இறங்கித் தண்ணீரில் சேர்ந்திருந்தால் மேலே இருக்கும் மண் நாறாமல் இருக்குமா? மண் சுத்தம் என்றால் தண்ணீரும் சுத்தம்தான்.

நீரடி:
அந்தக் கடைசி வரியில்தான் தகராறு, கணக்குப்பிள்ளை சார்.

பெட்ரோல் மண்ணில் இறங்கும்போது பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகும், பக்கவாட்டில் அதிகம் விரியாது. நீர்மட்டத்தைத் தொட்ட பிறகுதான், தண்ணீரைவிட லேசானது என்பதால், அதன் மேல் படர ஆரம்பிக்கும். கசிந்த இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் துளை போட்டால் 4 மீட்டர் வரை மண் பளிச்சென்று இருக்கலாம், 7 மீட்டரில் பெட்ரோல் மிதந்துகொண்டிருக்கலாம். டேங்கின் அடிப்பகுதியே வழக்கமாக மூன்றரை, நான்கு மீட்டரில் இருக்கும். ஆக, இவர்கள் தேட வேண்டிய இடம் தொடங்கும் ஆழத்தில் துளையை நிறுத்திவிட்டார்கள்.

சோதனைக்கு வருகிறேன். அமெரிக்க விதிப்படி டேங்க் கசிவுச் சோதனை பிடிக்க வேண்டிய அளவு மணிக்கு 0.1 கேலன், அதாவது சுமார் 0.38 லிட்டர். அதற்குக் கீழே கசிந்தால் டேங்க் பாஸாகிவிடலாம். 0.38 லிட்டரை வருடம் முழுக்கப் பெருக்குங்கள், 3,300 லிட்டர் வரும். மாத இருப்புக் கணக்கில் இன்னும் தாராளம்: விற்பனையில் 1 சதவீதம், அதோடு 130 கேலன் வரை வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த 130 கேலன் மட்டுமே 490 லிட்டர்.

கணக்குப்பிள்ளை:
பாஸான டேங்க் எல்லாம் 0.38 லிட்டர் கசிகிறது என்று அர்த்தமா? இது பயமுறுத்தல். இப்படிப் பேசினால் எந்த இடத்தையும் யாரும் வாங்க முடியாது. கொஞ்சம் கசிந்தால்தான் என்ன, மண் குடித்துவிடும்.

நீரடி:
கசிகிறது என்று நான் சொல்லவில்லை. கசியவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது என்கிறேன்.

"கொஞ்சம்" எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதில் 1 சதவீதம் பென்சீன் என்றால் 7.4 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த 7.4 கிராமும் கரைந்தால் 7,40,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல், ஐயா. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம்.

செம்புலம்:
நீரடியின் பெருக்கல் சரி, ஆனால் காகிதத்தில் மட்டும். இத்தனை பென்சீனும் கரைந்து நம் போர்வரை நடந்து வந்துவிடாது. மண்ணில் உள்ள பாக்டீரியா அதைத் தின்கிறது. முதலில் ஆக்சிஜனை வைத்து, அது தீர்ந்தால் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்தி. 1995-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் கலிஃபோர்னியாவில் கசிந்த டேங்க் இடங்களை ஏராளமாக எடுத்துப் பார்த்தது. பென்சீன் கலந்த நீர் பெரும்பாலும் 250 அடிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. நானும் இந்த வேலைதான் செய்கிறேன். கசிவு தெரிந்த உடனே தண்ணீரைச் சோதிக்கப் பத்து கிணறு தோண்டச் சொல்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

இன்னொன்று. அறிக்கையில் மண் அடுக்கு பற்றி என்ன எழுதியிருக்கிறது? களிமண் அடுக்கு இருந்தால் கண்டபடி துளை போடுவது ஆபத்து. மேலே தங்கியிருக்கும் அழுக்குக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நீரடி:
250 அடி என்றால் 76 மீட்டர். மேட்டுநிலம் போர் போடப் போவது அதே மனையில். உங்கள் ஆய்வை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அவர் உள்ளேதான் நிற்கிறார்!

அப்புறம், அது பென்சீனைப் பற்றிய முடிவு. எம்டிபிஇ (பெட்ரோல் நன்றாக எரியச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள்) கலந்த பெட்ரோல் என்றால் கதை வேறு. அது தண்ணீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, பாக்டீரியாவும் சீக்கிரம் தொடாது. 1996-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் எம்டிபிஇ காரணமாகக் குடிநீர்க் கிணறுகளை மூடியது, நகரத்தின் நீரில் ஏறத்தாழ பாதி போயிற்று. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஈஸ்ட் பேச்சோக் என்ற இடத்தில் அப்படிப்பட்ட கசிவு ஒன்று போகப் போக ஆழத்துக்கு இறங்கியது. மேலிருந்து ஊறும் மழைநீர் அதைக் கீழே அழுத்திவிட்டது. அங்கே ஆழமில்லாத கிணறு போட்டுப் பார்த்திருந்தால் "சுத்தம்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

செம்புலம்:
எம்டிபிஇ விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. அதைச் சோதிக்கச் சொல்லி லேபிடம் கேட்டார்களா என்பதே கேள்வி. கேட்காததை லேப் தேடாது.

சோதனைக்குழாய்:
லேபில் இருப்பவன், நடுவில் நுழைகிறேன். "கண்டறியப்படவில்லை" என்பது பூஜ்யம் இல்லை. பக்கத்தில் கண்டறியும் எல்லை என்று ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை.

சாம்பிள் எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். பென்சீன் ஆவியாகப் பறக்கிற சாமான். மண்ணை எடுத்த நிமிடமே எடை பார்த்து மெத்தனால் (பென்சீனைக் கரைத்துப் பிடித்துவைக்கும் ஆல்கஹால்) உள்ள குப்பியில் போட்டு, மூடி, 4 டிகிரி குளிரில் அனுப்ப வேண்டும். தண்ணீர் என்றால் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. எங்களுக்கு ஒருமுறை பிளாஸ்டிக் பையில், வெயிலில் நின்ற கார் டிக்கியில் இரண்டு நாள் கிடந்த மண் வந்தது. பையைத் திறந்தால் பெட்ரோல் வாசனை அடித்தது. உள்ளே இருந்த மண்ணில் பென்சீன் கிடைக்கவில்லை. நாங்கள் என்ன செய்ய, வந்ததைச் சோதித்து எழுதினோம், சாம்பிள் வந்த நிலைமையையும் குறித்தோம். அந்தக் குறிப்பை யார் படித்தார்களோ!

பிஐடி பற்றி ஒரு வரி. டீசலில் ஆவியாகும் பங்கு குறைவு. டீசல் ஊறிய மண்ணிலும் மீட்டர் சும்மா இருக்கலாம்.

மேட்டுநிலம்:
எல்லோருக்கும் நன்றி. அறிக்கையை மறுபடி படித்தேன். எம்டிபிஇ பார்க்கவில்லை. சாம்பிள் எடுத்த முறை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று துளைகளும் மனையின் மூன்று மூலைகளில்! மண் விவரம்: மேலே 3 மீட்டர் மணல் கலந்த மண், அப்புறம் கெட்டியான களிமண், "4 மீட்டரில் துளை நிறுத்தப்பட்டது". டேங்க் எடுத்தபோது பிடித்த போட்டோக்கள் விற்பவரிடம் இருந்தன. குழி முழுக்க மணல் நிரப்பியிருந்தது, அடியில் களிமண் தெரிகிறது.

செம்புலம்:
மூலையிலா? அப்படியென்றால் நான் முதலில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். டேங்க் இருந்த குழி, குழாய் ஓடிய பள்ளம், பம்ப் நின்ற மேடை, லாரியிலிருந்து எண்ணெய் இறக்கிய வாய், இந்த நான்கையும் தொடாத ஆய்வை ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் களிமண் இருப்பதால் என் பயம் அப்படியே இருக்கிறது. ஓட்டை போடாதீர்கள்.

நீரடி:
களிமண்ணைப் பங்க்காரர்களே வெட்டிவிட்டார்கள், செம்புலம். 3 மீட்டரில் தொடங்கும் களிமண்ணில் நான்கு மீட்டர் குழி தோண்டியிருக்கிறார்கள். இனி அதன் கனம் எவ்வளவு, குழிக்குக் கீழே மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. களிமண் நடுவே மணல் நிரப்பிய குழி தொட்டி மாதிரி. மழைநீரும் கசிந்ததும் அதில் தேங்கும், அப்புறம் குழாய்ப் பள்ளம் வழியாக வெளியே போகும். அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் போகிறது என்று போட்டோவில் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் டேங்கைவிடக் குழாய் இணைப்புகளில்தான் தொல்லை அதிகம். எண்ணெய் இறக்கும்போது ஹோஸில் மிச்சம் இருப்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். அது எந்தக் கணக்கிலும் வராது. நிரப்பும் வாய் இருந்த இடத்தை முதலில் பாருங்கள்.

மேட்டுநிலம்:
அப்படியானால் விற்பவரிடம் என்ன கேட்பது?

செம்புலம்:
குழியின் நடுவில் ஒரு துளை, நிரப்பும் வாய்க்குக் கீழே ஒன்று. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மண்ணைப் பார்த்து, களிமண் வந்ததும் நிறுத்தி, மேல்பகுதியை உறை போட்டு அடைத்த பிறகே ஆழம் போக வேண்டும். நாற்றமோ கறையோ இருந்தால் மட்டும் கிணறு. இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

நீரடி:
இரண்டு துளைக்கு நானும் கை தூக்குகிறேன். "இல்லாவிட்டால் விட்டுவிடலாம்" என்பதற்கு இல்லை. குடிக்கப் போகும் தண்ணீர். மூன்று கண்காணிப்புக் கிணறு வேண்டும், முக்கோணமாக. இரண்டு இருந்தால் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கிணற்றின் சல்லடைக் குழாய் (தண்ணீர் உள்ளே வர ஓட்டை போட்ட பகுதி) நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் மேலே மிதக்கும் பெட்ரோல் குழாய்க்குள் வரவே வராது. மழைக்குப் பின் ஒருமுறை, வறண்ட பிறகு ஒருமுறை அளவெடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது பெட்ரோலும் கூடவே மண்ணில் பூசிக்கொண்டே ஏறி இறங்கும்.

செம்புலம்:
மூன்று கிணறு, இரண்டு பருவம். ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள். அதற்குள் இடம் வேறு கைக்குப் போய்விடும்.

நீரடி:
போகட்டுமே.

மேட்டுநிலம்:
விற்பவரிடம் பேசினேன். இரண்டு துளைக்குச் சம்மதித்தார், கிணறு என்றதும் முகம் மாறியது. துளை போடும் அன்று நானும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். சோதனைக்குழாய், மெத்தனால் குப்பிகள் லேபே கொடுக்குமா, நான் வாங்க வேண்டுமா?

சோதனைக்குழாய்:
லேபே கொடுக்கும், எடை பார்த்துக் குறித்துத் தருவார்கள். துளை போடுவதற்கு முதல் நாளே வாங்கிக் குளிரில் வையுங்கள். கூடவே, மண் போடாமல் சுத்தமான மெத்தனால் மட்டும் உள்ள குப்பி ஒன்றும் கேளுங்கள். அதைத் திறக்காமல் மற்றவற்றோடு திருப்பி அனுப்பினால், வழியில் ஏதாவது கலந்ததா என்று தெரியும். எம்டிபிஇ வேண்டும் என்று படிவத்தில் எழுத மறந்துவிடாதீர்கள்.