அப்பத்தா பாலை நிறுத்திய ஆறு வாரங்கள்

கோட்டையூர்ப் பேத்தி:

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தபின் 'மரபணு', 'புரதம்' என்ற சொற்களோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பத்தாவுக்கு 71 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரையும் இரவில் ஒரு கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். மாசி மாதம் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம்தான் புற்றுநோயை உடம்பெங்கும் பரப்புகிறது என்று அதில் இருந்தது. அப்பச்சி அதை வளவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். அப்பத்தா தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய பால் டம்ளர் ஆடை படிந்து அப்படியே இருந்தது. கேழ்வரகுக் கூழ் வேண்டாம் என்றார். வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆறு வாரம் கழித்து அவருடைய தலையணையைத் தட்டிப் போடும்போதுதான் அதற்கடியில் நான்கு அட்டை கால்சியம் மாத்திரை கிடைத்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "எனக்கு இன்னொரு இடத்தில் வந்தால் உங்களுக்குத்தானே சிரமம்" என்றார். அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை.

மருத்துவர் கோபப்படாமல் விளக்கினார். லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. அதனால் எலும்பு தேயும். அதற்கு ஈடுகட்டத்தான் கால்சியமும் வைட்டமின் டியும். இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவிலேயே நிற்கும்படி உடம்பு பார்த்துக்கொள்கிறது. நாம் பாலை நிறுத்தினால் அது எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். செல்லுக்குள் இருக்கும் கால்சியமோ வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன் ஏற்ற இறக்கத்தைச் செல்லே நடத்துகிறது. நாம் குடிக்கும் ஒரு டம்ளர் பால் அந்தக் கணக்கை மாற்றாது.

வெற்றிலை போடுவதை விட்டது மட்டும் நல்லதாயிற்று. சுண்ணாம்புக்காகச் சொல்லவில்லை, பாக்குக்காகச் சொல்கிறேன். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது.

அந்தப் புரதம் உண்மையில் என்னதான் செய்கிறது? தெரிந்தவர்கள் எழுதினால் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

காரைக்குடி ஆய்வு மாணவர்:

சகோதரி, உங்கள் உறவினர் அனுப்பிய செய்தி எஸ்100ஏ4 என்ற மரபணுவைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அதோடு இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அதற்கு மெட்டாஸ்டாசின் என்றும் பெயர் உண்டு. நோய் பரவுதல் என்ற பொருளிலிருந்து வந்த பெயர். மனிதரின் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. 101 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதத்தை உண்டாக்குகிறது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தட்டில் புற்றுச் செல்களை இடைவெளியில்லாமல் வளரவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவே ஒரு கோடு கீறுவோம். உழுத சால் போல வெற்றிடம் விழும். இரண்டு ஓரங்களிலும் இருக்கும் செல்கள் அதற்குள் நகர்ந்து வந்து மூடப் பார்க்கும். எஸ்100ஏ4 நிறைந்த தட்டில் மறுநாள் காலையிலேயே கோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த மரபணுவை அடக்கிவைத்த தட்டில் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஓரத்துச் செல்கள் பக்கத்துச் செல்களை ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் தடவை பார்த்தபோது நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

காரணம் இதுதான். செல்லுக்குள் மயோசின் என்ற புரதம் இழை இழையாகச் சேர்ந்து, தேர் வடம் போல முறுக்கிக்கொண்டு செல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். எஸ்100ஏ4 புரதம் இரண்டிரண்டாக இணைந்து இருக்கும். கால்சியம் வந்து ஒட்டியதும் அதன் வடிவம் மாறி ஒரு பள்ளம் திறக்கிறது. அந்தப் பள்ளத்தால் மயோசினின் வால் பகுதியைக் கவ்வுகிறது. வடத்தின் புரி பிரிகிறது. பிடி தளர்ந்த செல் முன்னே ஒரு காலை நீட்டி நகர்கிறது. செல்லுக்கு வெளியே கசியும் எஸ்100ஏ4 சுற்றியுள்ள திசுவையும் பரவலுக்கு இணங்க வைக்கிறது.

அப்பத்தாவிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்லுங்கள். இந்தப் புரதம் புற்றுநோயைத் தொடங்கி வைப்பதில்லை. எலிகளில் இதை மிகையாகச் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் கட்டி வரவில்லை. ஏற்கெனவே கட்டி வரும் இயல்புள்ள எலிகளோடு இனம் சேர்த்தபோதுதான் அது நுரையீரலுக்குப் பரவியது. நம் வெள்ளணுக்களில்கூட இந்தப் புரதம் இருக்கிறது. புண்ணை நோக்கி அவை நகர வேண்டாமா?

தேவகோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

'எஸ்100' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பழைய நடுக்கம் திரும்ப வந்துவிட்டது. முன்கையில் கோலிக்குண்டு அளவுக் கட்டி ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் 'எஸ்100 பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது. மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் மகன் இணையத்தில் தேடி, புற்றுநோய் பரவும் மரபணு என்று படித்துவிட்டான். மூன்று இரவும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தே விடிந்தது. நிலப் பத்திரங்களை எடுத்துப் பிள்ளைகள் பெயர்வாரியாகப் பிரித்துக்கூட வைத்தேன்.

கடைசியில் அது நரம்புறையில் வரும் சாதாரணக் கட்டி. ஷ்வானோமா என்றார்கள். எஸ்100 என்பது இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் கொண்ட ஒரு குடும்பத்தின் பெயராம். 1965இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தபோது, அம்மோனியம் சல்பேட்டின் 100 சதவீத நிறைகரைசலிலும் கரைந்து நின்றதால் அந்தப் பெயர் வைத்தார்களாம். நரம்புறைச் செல்லில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்100பி இயல்பாகவே இருக்கும். கட்டி எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று அடையாளம் காணத்தான் அந்தச் சாயச் சோதனை. எஸ்100ஏ4 வேறு ஆள். ஒரே இன்ஷியல் உள்ள இரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டது போல ஆகிவிட்டது எங்கள் வீட்டில். அறிக்கை கையில் வந்தால் மருத்துவர் விளக்கும்வரை வீட்டில் யாரும் தேடாதீர்கள். அந்த மூன்று இரவு எவருக்கும் வரக் கூடாது.

பள்ளத்தூர் மருந்துக் கடைக்காரர்:

ஒரு எச்சரிக்கை. நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் நிக்ளோசமைடு மாத்திரை எஸ்100ஏ4 மரபணுவை அடக்கும் என்று படித்துவிட்டு, குடல் புற்றுநோயாளியின் தம்பி ஒருவர் என்னிடம் ஐம்பது மாத்திரை கேட்டார். செய்தியில் உண்மை இருக்கிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளில் குடல் புற்றுச் செல்கள் ஈரலுக்குப் பரவுவதை அந்த மருந்து குறைத்தது. ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும் மருந்து. எலியில் கண்டதை வைத்து அண்ணனுக்கு அளவு நிர்ணயிக்க எனக்கோ அவருக்கோ தகுதியில்லை. மாத்திரை கொடுக்கவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்த்து மறுப்பது கடினமாகத்தான் இருந்தது.

கோட்டையூர்ப் பேத்தி:

எல்லாவற்றையும் அப்பத்தாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டினேன். வடத்தின் புரி பிரிவதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நேற்றிரவு மாத்திரை அட்டையை என் முன்னாலேயே பிரித்தார். எலும்பு அடர்த்திச் சோதனைக்குச் சித்திரையில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மாணவத் தம்பியிடம் கேட்கச் சொன்னார்: அடக்கிவைத்த தட்டில் அந்தக் கோடு கடைசிவரை மூடவே இல்லையா?

காரைக்குடி ஆய்வு மாணவர்:

மூடியது ஆச்சி. கூடுதலாக ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டது. செல்லை நகர்த்தும் வேலையில் வேறு புரதங்களும் இருக்கின்றன.