நனைந்த நிலம் புயல் மழையைக் கூட்டுமா?

தம்பலகாமம் வயற்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கனநாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது. எங்கள் அப்பா இருந்த காலத்தில் ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒன்று சொல்வார்: "ஐப்பசி மழையில் நிலம் ஊறி, குளம் நிரம்பி வான் பாய்கிற நேரத்தில் சூறாவளி ஏறினால் அது லேசில் போகாது. காய்ந்த நிலத்தில் ஏறினால் இரண்டு தூறலோடு ஓடிவிடும்." அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். நிலத்தில் ஏறினால் புயல் செத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். டித்வா இலங்கைத் தீவின் மேலேயே ஊர்ந்து ஊர்ந்து கொட்டியது. அதற்கு முன்னரே நிலம் ஊறித்தான் இருந்தது.

இணையத்தில் தேடினால் அப்பாவின் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. 2007 ஓகஸ்ட்டில் எரின் என்ற புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் பலமில்லாமல் ஏறியது. மூன்று நாள் கழித்து, கடலிலிருந்து பல நூறு கிலோமீற்றர் உள்ளே, ஒக்லஹோமாவில் திரும்பப் பலம் பெற்று, நடுவில் கண் போன்ற வடிவமும் வந்தது. அந்தக் கோடையில் அங்கே நிலம் நன்றாக நனைந்திருந்தது. ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தின் அண்டர்சனும் ஷெப்பர்டும் 2013இல் உள்நாட்டுக்குள் போன 227 புயல்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 45 புயல்கள் நிலத்தின் மேல் பலம் குறையாமலோ பலம் கூடியோ இருந்தன. ஈரநிலம் கடலைப் போல நடந்துகொள்கிறது என்று சொல்லி அதற்குப் 'பழுப்புக் கடல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

எனவே என் கட்சி இதுதான்: கார்த்திகையில் எங்கள் வயலும் குளமும் புயலுக்குத் தீனி போடுகின்றன. மழை எச்சரிக்கை கொடுக்கும்போது காற்றின் வேகத்தோடு நிலத்தின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

கொட்டியாரத்தான்:
தம்பி, அப்பாவின் சொல்லை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் கடலில் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மழை வருவது கடலிலிருந்துதான்.

நீங்கள் சொன்ன அதே ஆராய்ச்சியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நிலத்திலிருந்து சதுர மீற்றருக்குக் குறைந்தது 70 வாற்று அளவில் ஆவியோடு வெப்பம் எழும்பினால்தான் பழுப்புக் கடல் வேலை செய்யும் என்கிறார்கள். ஒரு மில்லிமீற்றர் தண்ணீரை ஒரு நாளில் ஆவியாக்க ஏறக்குறைய 29 வாற்று வேண்டும். அப்படியென்றால் 70 வாற்றில் ஆவியாவது ஒரு நாளைக்கு இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. புயல் நாளில் விழுவது 200, 300 மில்லிமீற்றர். மிச்சம் எங்கிருந்து வந்தது? வங்காள விரிகுடாவிலிருந்துதான்.

அடுத்தது ஒக்லஹோமா உதாரணம். இந்தத் தீவின் ஆகக் கூடிய அகலமே ஏறக்குறைய 225 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து மன்னாருக்கு நேர்கோட்டில் சுமார் 150. புயலின் மையம் தீவுக்குள் கந்தளாயில் நின்றாலும் அதன் கைகள் கடலில் கிடந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். டித்வா சாகாததற்கு அதுவே போதும். வயலைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.

தம்பலகாமம் வயற்காரன்:
கணக்குச் சரி அண்ணை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மழைத் தண்ணீர் வயலிலிருந்து போகிறது என்று நான் சொல்லவில்லை. சிறுபோகத்தில் கிணற்றுப் பம்புக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். அது ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீரை இறைக்கிறது. அந்தத் தண்ணீர் மண்ணெண்ணெயிலிருந்தா வந்தது? கடல் கிணறு என்றால் புயலின் சுழற்சி பம்பு. நிலத்தின் ஈரம் அந்தப் பம்பை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் எண்ணெய். சுழற்சி ஆறு மணித்தியாலம் கூடச் சுற்றினால் ஆறு மணித்தியாலம் கூடக் கடல்நீர் இறைபடும். இரண்டரை மில்லிமீற்றரை மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எப்படி?

கொட்டியாரத்தான்:
பம்பு உதாரணம் நல்லது, யோசிக்க வைத்துவிட்டது. ஆனால் அந்த எண்ணெயும் கடல்தான் கொடுக்கிறது. 2020இல் லின் லி, பினாகி சக்ரவர்த்தி என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1960களின் கடைசியில் வட அமெரிக்காவில் கரையேறிய புயல்கள் முதல் நாளிலேயே முக்கால்வாசிப் பலத்தை இழந்தன. இப்போது பாதியைத்தான் இழக்கின்றன. காரணம், கடல் சூடாகிவிட்டது. சூடான கடலிலிருந்து புயல் கூடுதல் ஈரத்தைக் கட்டிக்கொண்டு வருகிறது. கரையேறிய பிறகும் அந்தக் கட்டுச்சோறு அதற்குக் காணும்.

எங்கள் கரையிலேயே பாருங்கள். 1964 டிசம்பர் 22 வாக்கில் தீவைக் குறுக்கே வெட்டிப் போன சூறாவளி அப்பால் போயும் பலம் குறையவில்லை, தனுஷ்கோடியை அழித்தது. 2000 டிசம்பர் 26இல் திருகோணமலைக்குத் தெற்கே ஏறிய சூறாவளி அதே தீவைக் கடந்து மன்னார் குடாவுக்குப் போகும்போது நன்றாக மெலிந்துவிட்டது. இரண்டும் மார்கழி, இரண்டும் மாரி காலம். நிலம்தான் தீர்மானிக்கிறது என்றால் ஒன்று தப்பி மற்றது மெலிந்தது எப்படி?

மழைமானி (புவியியல் படிப்பிக்கிறேன்):
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு அண்ணாமாரும் ஈரத்தை மட்டுமே கதைக்கிறீர்கள். நிலத்தின் மேற்பரப்பு என்றால் அதன் கரடுமுரடும் சேர்ந்ததுதான், எங்கே மழை விழும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கடலின் மேல் வழுக்கி வந்த காற்று நிலாவெளியில் கரையைத் தொட்டதும் பனை, தென்னை, வீடு, காடு என்று உராய்ந்து வேகம் குறைகிறது. பின்னால் வருகிற காற்று அதன் மேல் நெருக்குகிறது. நெருக்கிய காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. ஈரக்காற்று மேலே போனால் மழைதான். அதோடு உராய்வு காற்றை மையத்தை நோக்கித் திருப்பியும் விடுகிறது, அங்கேயும் குவிந்து எழும்புகிறது. ஆகவே நிலம் புயலைக் கொன்றுகொண்டே மழையைப் பிழிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். காற்று ஓய்ந்தது, இனிப் பயமில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான் பிழையாகிறது.

2017இல் ஹார்வி என்ற புயல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தை மூழ்கடித்தபோது இது நன்றாகத் தெரிந்தது. நகரக் கட்டடங்களின் கரடுமுரடு மழையையே கூட்டியது என்றும், அப்படிப்பட்ட வெள்ளம் வருவதற்கான வாய்ப்பை நகரமயமாதல் ஏறக்குறைய 21 மடங்காக்கியது என்றும் அடுத்த வருடம் வெளிவந்த ஆய்வு சொன்னது. மலை இருந்தால் கேட்கவே வேண்டாம். மேற்குப் பசுபிக்கில் இதே புயலை டைபூன் என்பார்கள். 2009இல் மொராகொட் என்ற டைபூன் தாய்வானின் நடு மலைத்தொடரில் மோதி, அலிஷான் மலையில் சில நாட்களுக்குள் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. திருகோணமலையில் ஒரு வருடம் முழுவதும் பெய்வதே சுமார் 1,600 மில்லிமீற்றர்தான். டித்வாவில் மலைநாடு பட்ட பாடும் இந்த வகைதான்.

இன்னொன்று. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் ஏறியது. நாங்கள் திருகோணமலை நகரத்தில் பயந்து விழித்திருந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது. எங்கள் பக்கப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி நகர்கிற மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வரும், தெற்கே நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நகரம் தெற்கே இருந்தது. யாழ்ப்பாணம் வடக்கே இருந்து நனைந்தது. அப்புறம் பாம்பன் பக்கம் அது நகராமல் நிற்க, கடலூர் மாவட்டமும் வெள்ளத்தில் மிதந்தது.

தம்பலகாமம் வயற்காரன்:
ரீச்சர், கரடுமுரடு எனக்குப் புதிய விஷயம், விளங்குகிறது. ஆனால் இது என் கட்சியைத்தானே பலப்படுத்துகிறது? நிலம் சும்மா கிடக்கவில்லை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

மழைமானி:
கரடுமுரடு விஷயத்தில் ஆம். நனைந்த வயல் விஷயத்தில் இல்லை அண்ணா. எரின் வந்தது ஓகஸ்ட்டில், நல்ல வெயில் காலம். வட அவுஸ்திரேலியாவில் நிலத்தின் மேல் பலம் பெறும் புயல்களைப் பற்றி 2008இல் கெரி இமானுவேலும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியதும் அப்படித்தான்: சூடேறிக் கிடக்கிற மணல் மேல் முன்மழை விழுந்து நனைக்க, மண் தன் சூட்டை வேகமாக விடுகிறது. ஈரம் இருந்தால் போதாது, சூடும் இருக்க வேண்டும். எங்கள் கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் வயலில் கால் வைக்கும்போது குளிர்கிறதே, அந்த நிலத்தில் புயலுக்குக் கொடுக்க என்ன சூடு இருக்கிறது?

வரம்புக்குள் 10 சென்றிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். அது ஒரு நாள் முழுக்க 70 வாற்று கொடுக்க வேண்டுமானால் 14 பாகை செல்சியஸ் குளிர வேண்டும். நடக்கிற காரியமா? அரை மீற்றர் தண்ணீர் என்றால் மூன்று பாகை குளிர்ந்தால் போதும். 2002இல் ஷென், ஜினிஸ், துலேயா மூவரும் கணினியில் நிலத்தின் மேல் தண்ணீரை விரித்துப் பார்த்தபோதும் இதேதான் வந்தது: அரை மீற்றர் தண்ணீர் இருந்தாலே புயல் மெலிவது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தாமதமாகிறது. உங்கள் அப்பா குளத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பாதியை நான் தள்ளமாட்டேன். வயலை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிண்ணியா காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நீங்கள் எல்லோரும் மழையைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்களுக்கு வருவது வெள்ளம், இரண்டும் ஒன்றில்லை. டித்வா நேரம் எங்கள் பக்கம் மழை குறைந்த பிறகுதான் தண்ணீர் ஏறியது. மலைநாட்டில் கொட்டியதெல்லாம் மகாவலி ஆற்றோடு இறங்கி வந்தது. மாவிலாறு கட்டு உடைந்தது, மூதூர், வெருகல் சனம் பட்டது எல்லோருக்கும் தெரியும். நிலம் ஏற்கனவே ஊறியிருந்ததால் ஒரு சொட்டைக்கூட அது குடிக்கவில்லை, விழுந்ததெல்லாம் ஓடியது. தம்பியின் வாப்பா பார்த்தது இதாகவும் இருக்கலாம். மழை அதேதான், நிலம் குடிக்காததால் கூடப் பெய்தது போலத் தெரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் புயல் அறிவிப்பு வந்ததும் குளங்களை இறக்கி வைக்க வேண்டும். புயலுக்குத் தீனியும் குறையும், வெள்ளமும் குறையும்.

தம்பலகாமம் வயற்காரன்:
காக்கா, முதல் பகுதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அப்பா மழைமானி வைத்து அளந்தவர் இல்லை, வரம்பில் நின்று பார்த்தவர். வரம்பை மேவிய தண்ணீரை அவர் மழைக் கணக்கில் எழுதியிருக்கலாம். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நியாயம்.

இரண்டாவது பகுதிக்குச் சம்மதிக்கவே மாட்டேன். கார்த்திகையில் திறந்துவிட்ட தண்ணீர் சித்திரையில் திரும்பி வராது. ஒரு வருடம் பயத்தில் வான் கதவைத் திறந்து, புயல் வேறு பக்கம் போய், சிறுபோகத்தில் பாதி வயலைத் தரிசாக விட்டவன் நான். வெள்ளத்துக்கு இடம் வைக்கக் கொஞ்சம் இறக்குவது வேறு. அதைப் பொறியியலாளர்கள் வரத்து பார்த்து முடிவெடுக்கட்டும். புயலுக்குத் தீனி குறையும் என்று சொல்லி இறக்கினால் அந்தப் பாவத்துக்கு என் பதிவும் காரணமாகிவிடும்.

கொட்டியாரத்தான்:
இதில் நான் வயற்காரத் தம்பியோடு நிற்கிறேன். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமான புயலுக்குக் கந்தளாய்க் குளம் எத்தனை கவளம்? குளத்துக் கட்டுக்குப் பயப்பட வேண்டியது உண்மை. ஆனால் 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் கட்டு உடைந்து அத்தனை உயிர் போனபோது புயலே இல்லை. கட்டைப் பராமரிப்பது ஒரு கதை, புயல் மழை இன்னொரு கதை.

கிண்ணியா காக்கா:
சரி, தீனிக் கதையை விட்டுவிடுகிறேன். வெள்ளத்துக்கு இடம் வைக்க இறக்க வேண்டும் என்பதை விடமாட்டேன். 1975 ஓகஸ்ட்டில் சீனாவில் நினா என்ற டைபூன் உள்நாட்டில் போய் நகராமல் நின்றது. ஹெனான் பக்கம் ஒரே நாளில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து பான்சியாவ் அணை உடைந்தது. அப்படி ஒன்று எங்கள் மேல் நின்றால் வரத்து பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்குமா? சிறுபோகம் போனால் அடுத்த வருடம் விதைக்கலாம் தம்பி.

தம்பலகாமம் வயற்காரன்:
உயிருக்கு முன்னால் வயல் பெரிதில்லை காக்கா, அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. எவ்வளவு, எப்போது என்பதில்தான் நிற்கிறேன்.

என் கட்சியில் இவ்வளவுதான் மிச்சம்: நிலத்தின் கரடுமுரடு மழை விழும் இடத்தை மாற்றுகிறது, ஊறிய நிலம் வெள்ளத்தைக் கூட்டுகிறது, ஆழமான தண்ணீர் சுழற்சிக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கக்கூடும். கடைசியை நான் இன்னும் விடவில்லை. ரீச்சர், நீங்கள் சொன்ன மூன்று பாகைக் கணக்கை எங்கள் குளத்தில் பார்க்க முடியுமா?

மழைமானி:
முடியும் அண்ணா. குளத்தில் மேலே, அரை மீற்றர், ஒரு மீற்றர் என்று மூன்று ஆழத்தில் வெப்பமானியை இறக்கி, ஐப்பசியிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். புயலுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு குளிர்ந்தது என்று தெரிந்தால் எவ்வளவு வெப்பம் போனது என்று கணக்குப் போடலாம். மேலே விழுந்த குளிர்மழையும் ஓடி வந்த தண்ணீரும் சேர்ந்து குளிர்த்தியிருக்கும், அதையும் கழிக்க வேண்டும். என் மாணவர்கள் செய்வார்கள். புயல் நாளில் மட்டும் ஒருவரும் குளத்துக்குப் போகக்கூடாது. அது என் நிபந்தனை.

கொட்டியாரத்தான்:
வெப்பமானியை நூலில் கட்டினால் காற்றுக்கு நிற்காது ரீச்சர், சரிந்துபோகும். அடியில் ஈயம் வேண்டும். என்னிடம் ஆழம் பார்க்கிற பழைய கயிறு இருக்கிறது, குண்டும் இருக்கிறது. அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தருகிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்கு வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.