கோழிக்கு பிஎஸ்எஃப் புழுவையே முழுத் தீனியாகப் போடலாமா?

கொக்கரக்கோ:
முட்டைக்கோழி வளர்க்கிறேன். சமையலறைக் கழிவில் பிஎஸ்எஃப் புழு, அதாவது கறுப்பு சிப்பாய் ஈயின் புழு, நன்றாகவே வருகிறது. தீவனத்தை நிறுத்திவிட்டு இதையே போடலாமா? பெட்டி வேறு நாறுகிறது, அம்மா தூக்கி எறியச் சொல்கிறார். இதை மனிதரும் தின்னலாம் என்கிறார்களே, உண்மையா?

புழுப்பெட்டி:
முழுத் தீனியா? வேண்டாம் அண்ணா. காய்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம் என்று எல்லோரும் சொல்வார்கள், 30 சதவீதம் வரை கொழுப்பும் இருப்பதை விட்டுவிடுவார்கள். அதையே தின்றால் கோழி கொழுத்து முட்டை குறையும். தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள்.

நாற்றம் ஈரத்தால்தான். பெட்டிக்குள் ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் தவிடு போட்டுக் கிளறுங்கள். தின்று தீர்த்த பிறகே அடுத்த கழிவு.

எடுக்கும் நேரம்தான் முக்கியம். கறுத்ததும் புழு தின்பதை நிறுத்திவிட்டு, காய்ந்த இருட்டிடம் தேடித் தானே மேலேறி வரும். சரிவாகப் பலகை வைத்தால் வாளியில் வந்து விழும், நமக்கு வேலை மிச்சம். ஆனால் அதற்குள் தோல் தடித்துவிடும், தோலிலுள்ள கைட்டின் என்ற கெட்டியான பொருள் கூடி செரிப்பது கடினம். நான் வெளுப்பாக, கொழுகொழுவென்று இருக்கும்போதே சலித்துவிடுவேன். கறுத்ததில் கொஞ்சத்தை ஈயாக விடுங்கள். அது சாப்பாட்டை மொய்க்காது, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

இறால் வேண்டாம்:
மனிதர் தின்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் முதலில் அனுமதித்தது மீல்வார்ம் என்ற ஒருவகை வண்டின் புழுவை. அங்கே பண்ணைப் பூச்சியும் கால்நடைக் கணக்குதான், சாணமோ ஓட்டல் மிச்சமோ போடக்கூடாது. உங்கள் பெட்டிப் புழுவைக் கோழியோடு நிறுத்துங்கள். பிஎஸ்எஃப், தீனியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதை உடம்பில் சேர்த்துவைக்கும்.

அப்புறம், இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஆகாமல் போகலாம், இரண்டிலும் ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. வறுத்தாலும் ஒவ்வாமை முழுதாகப் போகாது. எனக்கு இறால் என்றாலே உதடு வீங்கும். சிள்வண்டு மாவு பிஸ்கட்டை ஆசையாக வாங்கினேன், உறையில் இருந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவன் இன்னொரு பாக்கெட் கேட்கிறான்!

கொக்கரக்கோ:
சாணம் போட்டதில்லை. மீன் குடல் மட்டும் தினமும் போடுகிறேன்.

புழுப்பெட்டி:
தினமுமா! அப்படியென்றால் நாற்றத்துக்கு ஈரம் மட்டும் காரணமில்லை. எப்போதாவது ஒரு பிடி போதும், அதையும் உள்ளே புதைத்து மேலே தவிட்டால் மூடுங்கள். அம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள்.