காலையில் எழுந்ததும் கல் பொறுக்கும் தாத்தா: இது ஏர்ஃபோர்ஸ் பழக்கமா?

கட்டபெட்டு பேரன்:

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஏர்ஃபோர்ஸில் இருந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் கவலையில் இருக்கிறோம்.

என் தாத்தாவுக்கு 75 வயது. 1969-இல் சேர்ந்து இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு சார்ஜென்டாக வெளியே வந்தவர். ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பராமரிக்கிறவர், பெரும்பாலும் மிக்-21 போர் விமானம், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது, மூடியில் வெள்ளை பெயின்டில் சர்வீஸ் நம்பர். அதற்குள் என்ன இருக்கிறது என்று பாட்டிக்கே கடைசி வரைக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். தினமும் காலையில் பனி விலகுவதற்கு முன்பே எழுந்து, எங்கள் வாசலில் இருந்து பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை வரைக்கும் போகிற சிமென்ட் பாதையில் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப மெதுவாக நடப்பார். ஆணி, திருகாணி, சின்னக் கல், பாட்டில் மூடி, கம்பித் துண்டு, எது கிடந்தாலும் குனிந்து எடுத்து ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் போடுவார். போகும்போது இடது ஓரம், வரும்போது வலது ஓரம். மழை பெய்தாலும் குடையோடு போவார். சின்ன வயதில் இருந்தே நான் பார்ப்பதுதான், ஆனால் பாட்டி தவறியதற்கு அப்புறம் சாயங்காலமும் போக ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா இது வயசுக் கோளாறு, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். அப்பாவுக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவாத்துக் கத்தி, ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் உருவத்தை அப்படியே பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்று குறைந்தால்கூட டார்ச் எடுத்துக்கொண்டு தேடப் போய்விடுவார், கிடைக்கும் வரை சாப்பிட மாட்டார்.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்குக் கடைசி வழியனுப்பு நடந்ததை டிவியில் காட்டினார்கள் இல்லையா, அன்றைக்கு முழுவதும் நின்றுகொண்டே பார்த்தார். உட்காருங்கள் என்று சொன்னதுகூடக் காதில் விழவில்லை. அவர்களுடைய கேம்ப் வாழ்க்கை எப்படித்தான் இருந்தது? இது பழக்கமா, நோயா?

டார்மாக் 74:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் மிக்-21தான், இன்ஜின் ஃபிட்டர், 1974-இல் சேர்ந்தவன். இப்போது குன்னூர் பக்கம் இருக்கிறேன். உங்கள் தாத்தா செய்வதற்குப் பெயர் எஃப்ஓடி வாக். விமானத்துக்குச் சம்பந்தமில்லாத எந்தப் பொருளாவது தரையில் கிடந்து அதனால் விமானத்துக்குக் கேடு வருவதைத்தான் எஃப்ஓடி என்பார்கள். காலையில் பறக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் விமானங்கள் நிற்கும் தளமான டார்மாக்கில் கைநீட்டும் தூரத்துக்கு ஒருவராக வரிசையில் நிற்போம், கார்ப்ரல், சார்ஜென்ட், புதுப்பையன் என்ற வித்தியாசம் கிடையாது. வரிசை கலையாமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். கிடப்பதை எல்லாம் பொறுக்குவோம்.

ஒரு கல்லுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். மிக்-21-க்கு மூக்குதான் வாய். காற்று முழுவதும் முன்பக்கத்து ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகும், இன்ஜின் ஓடும்போது முன்னால் கிடப்பதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உள்ளே கம்ப்ரஸர் பிளேடுகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு போல்ட் போய் ஒரு பிளேடு உடைந்தால் அந்தத் துண்டு அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் சிதைத்துவிடும். அதற்கு இருப்பது ஒரே ஒரு இன்ஜின். டயருக்கும் அப்படித்தான், இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தார்களே, அது எங்கிருந்து ஆரம்பித்தது என்று தேடிப் பாருங்கள். முன்னால் போன வேறொரு விமானத்தில் இருந்து ஓடுபாதையில் விழுந்த ஒரு உலோகத் தகடு டயரைக் கிழித்தது, டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியில் போய் அடித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. தகடு என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை நடுங்கியது.

சுவரில் கோடு போட்டு வைத்திருப்பது டூல் போர்டு. ஃபிளைட் என்று நாங்கள் சொல்லும் பராமரிப்புப் பிரிவில் ஒவ்வொரு டூலுக்கும் அதன் நிழல் மாதிரி உருவம் வரைந்திருக்கும், ஒன்று மாட்டாமல் இருந்தால் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும். வேலை முடிந்து எண்ணும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தால் அந்த விமானம் பறக்காது. எங்கே விட்டோம் என்று தெரிகிற வரை யாரும் மெஸ்ஸுக்குப் போக முடியாது. ஏனென்றால் அது காக்பிட்டுக்குள் எங்காவது கிடந்து விமானத்தைத் திருப்ப உதவும் கன்ட்ரோல் ராடில் சிக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் தாத்தா சாப்பிடாமல் தேடுவது எனக்கு ஆச்சரியமே இல்லை.

எஃப்-700 பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவுப் புத்தகம். ஏர்ஃபிரேம், இன்ஜின், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடியோ, ஆர்மமென்ட் என்று ஒவ்வொரு ட்ரேடும் தன் வேலையைப் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும், கடைசியில் பைலட் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுவார். நான் முதல்முறை அதில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு 20 வயது. பைலட்டுக்கு 24 இருக்கும். அவர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, நேராக ஏணியில் ஏறிவிட்டார், அவ்வளவு நம்பிக்கை. விமானம் திரும்பி வந்து பின்னால் பாராசூட் விரிந்து வேகம் குறைகிற வரைக்கும் எனக்கு வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது.

கேம்ப் என்றால் ஊரில் எல்லோரும் பைலட்டைத்தான் நினைக்கிறார்கள். ஒரு விமானம் முக்கால் மணி நேரம் பறப்பதற்குப் பின்னால் தரையில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. 1971 போரில் குஜராத்தின் பூஜ் ஓடுபாதையில் குண்டு விழுந்து சேதமானபோது பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் வந்து 72 மணி நேரத்தில் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். சைரன் அடித்தால் ஓடி ஒளிந்துகொண்டு, அப்புறம் திரும்ப வந்து வேலை. எண்பதுகளில் எனக்கு அங்கே போஸ்டிங். அந்த ஓடுபாதையில் காலையில் கல் பொறுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

அருவங்காடு அக்கா:

தம்பி, நான் ஏர்மேன் மனைவி. 79-இல் கல்யாணம் ஆகி, அருவங்காட்டில் சுவெட்டர் போட்டுக்கொண்டு இருந்தவள் நேராக ஜோத்பூரில் போய் இறங்கினேன், மே மாதம், 45 டிகிரி. அவர் எம்டி டிரைவர், அதாவது விமானப்படை வண்டிகள் ஓட்டுகிறவர். குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்தினாலும் ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடித்தால் மாவு மாதிரி மணல் தட்டுக்குள் வரைக்கும் வந்துவிடும். நாங்கள் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருப்போம், அவர்கள் ஓடுபாதையைப் பெருக்கப் போய்விடுவார்கள்.

எங்கள் லைனில் ஆறு வீடு தென்னிந்தியர்கள், இரண்டு தமிழ், மூன்று மலையாளம், ஒன்று தெலுங்கு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆட்டுக்கல். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா எந்த ஊரில் இருந்தோ ரயிலில் கொண்டுவந்தது, போஸ்டிங் வந்து போகும்போது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார். நானும் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கள்கிழமை என் முறை. லீவுக்கு ஊருக்கு வந்தால் திரும்பும்போது ஊட்டி வர்க்கி இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போவேன், மேட்டுப்பாளையத்தில் இருந்து ஜோத்பூர் போய்ச் சேர்வதற்குள் பாதி தூளாகிவிடும், அந்தத் தூளையும் டீயில் போட்டுச் சாப்பிட்டார்கள்.

உங்கள் தாத்தா பேசாதது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவரும் பேச மாட்டார். நாங்கள் பெண்கள் காதால்தான் தெரிந்துகொள்வோம். நைட் ஃபிளையிங் அன்று பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டே எத்தனை கிளம்புகிறது என்று எண்ணுவேன், எத்தனை இறங்குகிறது என்றும் எண்ணுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, லைனில் எல்லோருமே எண்ணிக்கொண்டிருந்தோம் என்று பின்னால்தான் தெரிந்தது. வேறொரு ஊரில் இருந்தபோது ஒரு நாள் நான்கு போய் மூன்றுதான் வந்தது. நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டு வெளியே வந்தால் எல்லா வாசலிலும் பெண்கள் நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் மறுநாள் மத்தியானம் வந்தார், குளித்தார், சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதைப் பற்றி என்னிடம் சொன்னது 22 வருடம் கழித்து, இங்கே வீட்டில், மின்சாரம் இல்லாத ஒரு ராத்திரியில்.

பாட்டி போனதற்கு அப்புறம் சாயங்காலமும் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான் அழுகை வந்தது.

வெலிங்டன் பென்ஷனர்:

மேலே இருவரும் சொன்னது எல்லாம் சரி. இருந்தாலும் டாக்டரிடம் காட்டச் சொன்ன உங்கள் சித்தப்பா மேல் கோபப்படாதீர்கள். கல் பொறுக்குவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறாரா, மாத்திரை போட்டதை மறந்து இரண்டாவது தடவை போடுகிறாரா, பிள்ளைகள் பெயர் மாறுகிறதா, அதைக் கவனியுங்கள். இருந்தால் தாமதிக்க வேண்டாம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் கார்டு இருந்தால் இங்கே வெலிங்டன் பாலிகிளினிக்கில் காட்டலாம். மனைவியை இழந்த துக்கமும் மறதி மாதிரி தெரியும், அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டார்மாக் 74 சாரிடம் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எஃப்-700 பற்றிக் கேளுங்கள் என்கிறார். கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். சில பேருக்கு அந்தப் புத்தகத்தில் மறக்க நினைக்கிற ஒரு பக்கம் இருக்கும். கேள்வி எதுவும் கேட்காமல் கூட நடங்கள், போதும்.

சூலூர் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு ஒன்று சொல்லுங்கள். 1971-இல் ஸ்ரீநகரில் வானில் தனியாகப் போராடி உயிர்கொடுத்த, பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் நிர்மல்ஜித் சிங் செகோன் இருந்த 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020-இல் சூலூர் விமானப்படைத் தளத்தில்தான் தேஜஸ் போர் விமானங்களோடு மறுபடி தொடங்கியது. பழைய ஆட்களுக்கு அந்த நம்பரைக் கேட்டாலே முகம் மாறும்.

டார்மாக் 74:

நீங்கள் சொல்வது நியாயம் சார். நான் என் கையெழுத்தை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். தம்பி, அவர் சொன்னபடியே செய்யுங்கள், கூட நடங்கள்.

கட்டபெட்டு பேரன்:

எல்லோருக்கும் நன்றி. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி இந்தப் பதில்களை அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் படித்துக் காட்டினேன். அக்கா எழுதியதைப் படிக்கும்போது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மறதி எதுவும் இல்லை, ஆனாலும் அடுத்த வாரம் பாலிகிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், சித்தப்பாவே கார் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குக் காலையில் ஆறே காலுக்கு நானும் வாசலில் போய் நின்றேன். பனி, எதிரில் கொட்டகைகூடத் தெரியவில்லை. தாத்தா டப்பாவோடு வந்தார், என்னைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. நான், "தாத்தா, எஃப்ஓடி வாக், நானும் வரேன்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னதும் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, கிளம்புவார் என்று பார்த்தால் கிளம்பவில்லை. திண்ணையில் என்னை உட்காரச் சொல்லி, என் காலைத் தூக்கித் தன் முட்டி மேல் வைத்து ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தில் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, "முதல்ல இதப் பாக்கணும்" என்றார். அப்புறம் அடுத்த காலைக் கேட்டார்.