தொடையிடுக்கில் குடலிறக்கம்: பெல்ட் போட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

களத்துமேடு: அப்பாவுக்கு 67 வயது. வலது தொடையிடுக்கில் குடலிறக்கம். நின்றால் எலுமிச்சை அளவு புடைப்பு, படுத்தால் தானாக உள்ளே போய்விடுகிறது. வலி பெரிதாக இல்லை. ஆபரேஷன் நல்லது, ஆனால் அவசரமில்லை என்றார் டாக்டர். அறுவடை முடியும்வரை ஹெர்னியா பெல்ட் போட்டுச் சமாளிக்கிறேன் என்கிறார் அப்பா. சரியா?

வைகைக்கரை: வேண்டாம். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையைப் பெல்ட் மூடாது, பிதுங்குவதை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். கட்டிக்கொண்ட தைரியத்தில் அவர் நெல் மூட்டை தூக்குவார், எனக்கு அந்தப் பயம்தான். குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பிக்கும். அப்புறம் சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷனாகிவிடும்.

கிழக்குவாசல்: இப்படிப் பயமுறுத்தித்தான் பலரை அவசரமாக மேசையில் படுக்க வைக்கிறார்கள். 2006இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, தொந்தரவு குறைவாக இருந்த 720 ஆண்களைப் பார்த்தது. ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தவர்களில் குடல் சிக்கியது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு நாள்பட்ட வலியோடு இருப்பவர்களோ ஏறத்தாழ பத்தில் ஒருவர். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

வைகைக்கரை: அதே ஆய்வின் தொடர்ச்சியையும் சொல்லுங்கள் ஐயா. பத்தாண்டுக்குள் காத்திருந்தவர்களில் 68 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் 79 சதவீதம். பெரும்பாலும் வலிதான் காரணம். அந்த ஆய்வு சோதித்தது காத்திருப்பதை, பெல்ட்டை அல்ல.

கிழக்குவாசல்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் வந்தார்கள் அல்லவா? களத்துமேடு தம்பியின் அப்பா கேட்பதும் அந்த அவகாசத்தைத்தான்.

வார்டு அக்கா: அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறேன். பெல்ட்டைத் தவறாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். புடைப்பு வெளியே இருக்கும்போது மேலே இறுக்கிக் கட்டினால் குடலையே நசுக்குகிறோம். காலையில் எழுவதற்கு முன், படுத்தபடி புடைப்பை மெதுவாக உள்ளே தள்ளி, மெத்தைப் பகுதி ஓட்டை இருக்கும் இடத்தில் உட்காரும்படி கட்டவேண்டும். இரவில் கழற்றிவிட வேண்டும். உள்ளே போகாத புடைப்புக்குப் பெல்ட் கூடவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் தோலைத் தினமும் பாருங்கள், புண்ணாகும். அப்பாவுக்கு மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், சிறுநீர் போக முக்குவது இதில் எது இருந்தாலும் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். ஒவ்வொரு முக்கலும் ஓட்டையைப் பெரிதாக்கும்.

மல்லிகைப்பந்தல்: என் மாமியாருக்கும் அதே இடத்தில் சின்ன வீக்கம். வலி இல்லை. அவர்களுக்கும் பெல்ட் வாங்கலாமா அக்கா?

வார்டு அக்கா: வேண்டாம்மா, இந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்கள். கொஞ்சம் கீழே, தொடை ரத்தக்குழாய் போகும் வழியில் இறங்குகிற வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். அது குறுகிய வழி, குடல் சீக்கிரம் சிக்கும். மேலே சொன்ன ஆய்வு ஆண்களை மட்டும் வைத்துச் செய்தது.

கிழக்குவாசல்: இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

களத்துமேடு: அப்பாவுக்கு மயக்க மருந்து என்றாலே பயம். அதுவும் ஒரு காரணம்.

வைகைக்கரை: தம்பி, ஓட்டையை அடைக்க வலை வைக்கும் திறந்த ஆபரேஷனை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை. பெல்ட் வாங்குவதென்றால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு வாங்குங்கள். புடைப்பு கல் போல் கெட்டியானாலோ, உள்ளே போகாவிட்டாலோ, வாந்தியோ கடும் வலியோ வந்தாலோ அறுவடை எந்த நிலையில் இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கிழக்குவாசல்: கடைசியில் சொன்னது முழுக்கச் சரி. தேதியை மட்டும் அப்பா முடிவு செய்யட்டும். மூட்டையை இந்த வருடம் வேறு யாராவது தூக்கட்டும்.